எதற்காக ஜெபிக்கிறேன் என்று சொல்லுங்கள்

கிறிஸ்தவக் குடும்பங்களில் நாள்தோறும் பலமுறை சொல்லப்படும் வாக்கியம் ஒன்று உண்டு: "உங்களுக்காக ஜெபம் பண்ணுகிறேன்." ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போதும், பேருந்து நிறுத்தத்திலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும், தொலைபேசியை வைக்கப்போகும் நொடியிலும் அதைச் சொல்கிறோம். சொல்கிறவர்கள் பெரும்பாலும் மனதாரவே சொல்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வாக்கியம் கேட்கிறவரைத் தாங்குகிறதா என்பது தனிக் கேள்வி. பல ஆண்டுகள் அதைச் சொல்கிறவளாகவும், பின்பு சில ஆண்டுகள் அதைக் கேட்கிறவளாகவும் இருந்த எனக்குள் ஓர் எண்ணம் உறுதிப்பட்டிருக்கிறது. ஒருவருக்காக ஜெபிக்கிறோம் என்று சொல்வதோடு நிறுத்திவிடாமல், அவருக்காக ஆண்டவரிடம் எதைக் கேட்கிறோம் என்பதையும் அவரிடமே சொல்லும்போதுதான் அந்த ஜெபம் அவருக்குத் திடன் தருகிறது. ஜெபத்தைக் கேட்டுப் பதில் தருகிறவர் தேவன்; அது அவருடைய காரியம். ஆனால் ஜெபிக்கப்படுகிறவர் தேற்றப்படுவது, நாம் எவ்வளவு கவனமாக அவரை அறிந்து அந்த ஜெபத்தை ஏறெடுக்கிறோம் என்பதையும் பொறுத்திருக்கிறது.

இதற்கு முன்மாதிரி நம்முடைய ஆண்டவரே. லூக்கா 22-ஆம் அதிகாரத்தில், கடைசிப் பஸ்காவைப் புசித்த மேல்வீட்டறையில், சீஷர்கள் தங்களுக்குள் எவன் பெரியவன் என்று வாக்குவாதம் பண்ணி முடித்த அந்தச் சூழ்நிலையில், இயேசு பேதுருவைப் பார்த்துப் பேசுகிறார். கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோல உங்களைப் புடைக்கச் சாத்தான் உத்தரவு கேட்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டு, "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்கிறார். இந்த வசனத்தை நான் எத்தனையோ முறை வாசித்திருந்தும், அவர் பேதுருவிடம் தம்முடைய ஜெபத்தின் பொருளையே எடுத்துச் சொல்கிறார் என்பது பின்னாளில்தான் என் மனதில் பட்டது. "உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்பதோடு அவர் நிறுத்தவில்லை. சோதனை வராதிருக்க வேண்டும் என்று கேட்டதாகவும் சொல்லவில்லை. பேதுரு மறுதலிக்காதிருக்க வேண்டும் என்று கேட்டதாகவும் சொல்லவில்லை. சேவல் கூவுகிறதற்கு முன்னே நீ என்னை மூன்றுதரம் மறுதலிப்பாய் என்பதை அடுத்த மூச்சிலேயே சொல்லிவிடுகிறார். அவர் கேட்டது, விசுவாசம் ஒழிந்துபோகக் கூடாது என்ற ஒன்றைத்தான்.

அந்த இரவின் பிற்பகுதியை நினைத்துப் பாருங்கள். பிரதான ஆசாரியனுடைய வீட்டு முற்றத்தில், நெருப்பண்டையில், ஒரு வேலைக்காரியின் கேள்விக்கு முன்னால் பேதுரு விழுந்துபோகிறான். கர்த்தர் திரும்பி அவனை நோக்கிப் பார்க்கிறார். அவன் வெளியே போய் மனங்கசந்து அழுகிறான். அவனுக்குச் சொல்லப்பட்டிருந்த ஜெபம் "நீ விழமாட்டாய்" என்பதாக இருந்திருந்தால், அந்த முற்றத்திலேயே அது பொய்த்துப்போயிருக்கும். "நீ குணப்பட்டபின்பு" என்று சொல்லப்பட்டிருந்ததால், விழுந்தபின்பும் திரும்பி வருவதற்கு அவனுக்கு ஒரு வழி திறந்தே இருந்தது. திரும்பி வந்தபின் செய்யவேண்டிய வேலையும் முன்னதாகவே அவன் கையில் கொடுக்கப்பட்டிருந்தது. ஒருவருக்காக ஜெபிக்கும்போது எதைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கும் வேளைகளில் நான் இந்த வசனத்துக்கே போகிறேன்.

பவுலும் இந்த வழியிலேயே எழுதுகிறார். அவருடைய நிருபங்களின் தொடக்கத்தை நாம் வாழ்த்துரை என்று எண்ணி வேகமாகக் கடந்துவிடுகிறோம். ஆனால் பிலிப்பியருக்கும் கொலோசெயருக்கும் எபேசியருக்கும் எழுதும்போது, "ஜெபங்களில் உங்களை நினைக்கிறேன்" என்று சொன்ன கையோடு, எதைக் கேட்டு ஜெபிக்கிறேன் என்பதையும் விரிவாக எழுதிவிடுகிறார். பிலிப்பியருடைய அன்பு அறிவிலும் உணர்விலும் இன்னும் பெருக வேண்டும் என்கிறார். கொலோசெயர் சந்தோஷத்தோடே கூடிய பொறுமையும் நீடிய சாந்தமும் உள்ளவர்களாக வேண்டும் என்கிறார். எபேசியருடைய மனக்கண்கள் பிரகாசிக்க வேண்டும் என்கிறார். காவலில் இருந்த ஒரு மனிதரிடமிருந்து வந்த கடிதம் சபையில் உரக்க வாசிக்கப்பட்டபோது, தங்கள் பெயரைச் சொல்லி அவர் இன்னின்னதைக் கேட்கிறார் என்று அறிந்தவர்கள் எவ்வளவு தைரியப்பட்டிருப்பார்கள்! தம் பங்குக்கும் அவர் வெளிப்படையாகவே கேட்கிறார். எபேசியர் 6-ஆம் அதிகாரத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருக்கிற நிலையில், சுவிசேஷத்தைத் தைரியமாய் அறிவிக்க எனக்கு வாக்குக் கொடுக்கப்படும்படி வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறார். பிலேமோனுக்கு எழுதும்போதோ, உங்கள் விண்ணப்பங்களினாலே நான் உங்களிடம் வந்துசேருவேன் என்று நம்புகிறேன், ஆகையால் நான் தங்க ஓரிடத்தை ஆயத்தம்பண்ணு என்கிறார். ஜெபிக்கச் சொல்லிவிட்டு அறையையும் ஒழித்துவைக்கச் சொல்லும் அந்த விசுவாசம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

எங்கள் பக்கத்தில், தாமிரபரணிக் கரையிலும் அதற்குத் தெற்கே தேரிக்காட்டு ஊர்களிலும் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. கிறிஸ்தவர்கள் சேர்ந்து குடியேறுவதற்கென்றே 1799-இல் முதலூர் உருவான காலம்தொட்டு, அந்த ஊர்களில் மாலையில் கோயில் மணி அடிப்பதும் இரவில் வீடுதோறும் குடும்ப ஜெபம் நடப்பதும் வாழ்க்கையின் ஒழுங்காகவே இருந்துவந்திருக்கிறது. எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் பாயை விரித்துவிடுவார்கள். ஒரு கீர்த்தனை அல்லது பாமாலையிலிருந்து ஒரு பாட்டு, ஒரு வேதபாகம், அதன்பின் அம்மாவின் ஜெபம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். அம்மாவின் ஜெபம் நீளமானது. சிறுபிள்ளைகளாகிய நாங்கள் ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டு காத்திருப்போம். ஆனாலும் எங்கள் பெயர் வரும் இடத்தில் காது தானாகவே கூர்மையாகிவிடும். அம்மா எங்களை மொத்தமாக "பிள்ளைகளை ஆசீர்வதியும்" என்று கடந்துவிட மாட்டார்கள். மூத்தவனுக்குக் கணக்கு வாத்தியாரிடம் இருக்கும் பயம், எனக்கு இருமல், கடைக்குட்டி படுக்கையில் அழுகிறான் என்பது, இவை எல்லாம் ஆண்டவருடைய சமுகத்துக்குப் போகும். அண்ணன் தன் பயத்தை அம்மாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மா அதைக் கவனித்திருக்கிறார்கள் என்பதை அந்த ஜெபத்தில்தான் அவன் அறிந்துகொண்டான். கண்ணை மூடியிருக்கும் வேளையில் நாம் கவனிக்கப்பட்டிருக்கிறோம் என்று தெரியவருவது ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை, நானும் தாயானபின்பு இன்னும் நன்றாக உணர்ந்தேன்.

உரக்க ஜெபிக்கும்போது அதைக் கேட்கிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆண்டவர், மற்றவர் யாருக்காக ஜெபிக்கிறோமோ அவர். நம் ஜெபத்தின் வழியாக, தன்னைப் பற்றி நாம் எதைப் பெரிதாக நினைக்கிறோம் என்பதை அவர் தெரிந்துகொள்கிறார். பிளஸ் டூ பரீட்சைக்குப் போகும் மகளின் தலையில் கைவைத்து, "நல்ல மார்க் வாங்கச் செய்யும் ஆண்டவரே" என்று மட்டும் ஒரு தகப்பன் ஜெபித்தால், அவள் காதில் விழுவது மார்க்தான். "இவளுக்கு இரவில் நல்ல தூக்கத்தைத் தாரும், கை நடுங்காதிருக்கட்டும், என்ன வந்தாலும் இவள் எங்களுக்கு அருமையான மகள் என்பதை இவள் மறக்காதிருக்கட்டும்" என்று அவர் ஜெபித்தால், அவள் பரீட்சை மண்டபத்துக்குள் போகும்போது மனதில் கொண்டுபோவது வேறாக இருக்கும். மார்க் கேட்பது தவறல்ல, அதையும் கேட்கலாம். எதை முதலில் கேட்கிறோம் என்பதைப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள்.

இதே காரணத்தால்தான், ஜெபத்துக்குள் புத்திமதியைப் புகுத்துவதை நான் மிகவும் வருந்தத்தக்க காரியமாகக் கருதுகிறேன். "ஆண்டவரே, இந்தத் தம்பி குடும்பப் பொறுப்பை உணரும்படி செய்யும்" என்று வீட்டார் எல்லாருக்கும் முன்பாக ஜெபிக்கப்பட்ட ஓர் இளைஞன் அன்றைக்கு முழங்காலிலிருந்து எழுந்தபோது அவன் முகம் எப்படியிருந்தது என்பதை நான் பார்த்திருக்கிறேன். அவனோடு நேருக்கு நேர் பேசியிருக்க வேண்டிய ஒன்று, அவன் பதில் சொல்லவே முடியாத ஓர் இடத்தில், கண்களை மூடிக்கொண்டு, தேவனுடைய நாமத்தில் சொல்லப்பட்டது. அவன் அதற்குப் பின் வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டான்.

என் கணவர் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த ஆண்டுகளில் எங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வந்தவர்கள் அநேகர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் நான் இன்றும் நன்றியுள்ளவளாயிருக்கிறேன். அவர்களுள் ஒருவரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் பணிமூப்பு அடைந்த ஓர் உபதேசியார், அதாவது சபையில் வேதம் போதிக்கும் ஊழியர். சைக்கிளில் வருவார். வந்தவுடன் வேதத்தைத் திறக்க மாட்டார். முதல் நாள் என் கணவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் இரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருந்த இடத்தைத் தொடலாமா என்று கேட்டு, மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். தோலுக்கு அடியில் இரத்தம் ஓடும் அந்த அதிர்வு விரலில் பட்டதும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தம்பி, இதுல உங்களுக்கு எதுதான் ரொம்பப் பாடாப் படுத்துது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. நானும் கேட்டிருக்கவில்லை, கேட்கவேண்டிய தேவை இல்லாத அளவுக்கு எனக்கு எல்லாம் தெரியும் என்றே நினைத்திருந்தேன். ஊசியின் வலி என்பார், அல்லது 4 மணி நேரம் அசையாமல் படுத்திருப்பது என்பார், அல்லது பணச் செலவு என்பார் என்று நான் எதிர்பார்த்திருக்க, அவர், "தாகம்தான் ஐயா" என்றார். சிறுநீரகம் வேலை செய்யாதவர்கள் நாம் குடிப்பதுபோலத் தண்ணீர் குடித்துவிட முடியாது. உடம்பில் நீர் தங்கி, மூச்சு முட்டி, இருதயத்துக்கே ஆபத்தாகிவிடும். ஆகவே நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று அளந்து குடிக்க வேண்டும். கோடைக்காலத்தில் பாளையங்கோட்டை வெயிலில், அந்த அளவு காலைப்பொழுதுக்குள்ளேயே தீர்ந்துவிடும். மீதி நாள் முழுவதும் அவர் ஒரு சிறிய ஐஸ்கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு கழிப்பார். எங்களைப் பார்க்க வருகிறவர்கள் அன்போடு வாங்கிவந்த இளநீரையும் ஆரஞ்சுப் பழத்தையும் அவர் தொடவும் முடியாது. அவற்றிலுள்ள பொட்டாசியம் அவருக்கு ஆகாது.

உபதேசியார் அதைக் கேட்டுவிட்டு, கண்களை மூடி, "சிலுவையில் தாகமாயிருக்கிறேன் என்று சொன்ன ஆண்டவரே" என்று ஜெபத்தைத் தொடங்கினார். என் கணவர் அழுதார். நோய் வந்த நாளிலிருந்து நான் அவர் அழுது பார்த்ததில்லை. அந்த ஜெபம் மிகச் சிறியது. இந்த மகனுடைய நாக்கு வறண்டுபோகும்போது நீர் அருகில் இரும், இன்று மாலை நான்கு மணி முதல் இரவு வரையுள்ள நேரத்தைக் கடக்க அவருக்குப் பெலன் தாரும், இவ்வளவுதான். நான்கு மணி என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்றால், எந்த நேரத்தில் தாகம் அதிகம் என்பதையும் அவர் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். அடுத்தமுறை வந்தபோது அவர் முதலில் கேட்டது, "தம்பி, நாலு மணிக்கு அப்புறம் எப்படி இருக்கு?" என்பதுதான். அந்த இடைப்பட்ட நாள்களில் அவர் உண்மையாகவே அந்த நேரத்தில் எங்களுக்காக முழங்காலில் நின்றிருக்கிறார் என்பது அந்தக் கேள்வியில் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. என் கணவர் அதற்குப் பின் நான்கு மணி ஆனதும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, "இப்ப ஐயா ஜெபம் பண்ணுவாங்க" என்று சொல்வது வழக்கமாயிற்று. தாகம் போய்விடவில்லை. தாகத்தில் அவர் தனியாக இல்லை.

அவர் குணமாகவில்லை என்பதையும் நான் சொல்லிவிட வேண்டும். ஒரு மழைக்காலத்தில் அவர் ஆண்டவரிடம் போய்விட்டார். அந்த நாள்களில், விசுவாசம் இன்னும் அதிகமாக இருந்திருந்தால் சுகம் கிடைத்திருக்கும் என்று எங்களிடம் சொன்னவர்களும் உண்டு. நோயாளியின் காது கேட்கச் சொன்னவர்களும் உண்டு. அவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்பதை நான் அறிவேன். ஆனாலும் வேதம் அப்படிச் சொல்லவில்லை. பவுலுடைய சரீரத்திலிருந்து உறுமால்களையும் கச்சைகளையும் கொண்டுவந்து வியாதிக்காரர்மேல் போட்டபோது அவர்கள் சுகமானார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. அதே பவுல், தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவில், தம்மோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று ஒரே வரியில் எழுதுகிறார். துரோப்பீமுவின் விசுவாசத்தில் குறை இருந்தது என்று அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு அவர் சொன்னது, தண்ணீர் மாத்திரம் குடிக்காமல் கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள் என்பதே. தம்முடைய மாம்சத்திலிருந்த முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் அவருக்குக் கிடைத்த பதில், "என் கிருபை உனக்குப்போதும்" என்பது. நோயாளியின் கட்டிலருகே நிற்கிறவர்கள் இந்த மூன்று இடங்களையும் மனதில் வைத்திருந்தால் எத்தனையோ காயங்கள் ஏற்படாமல் போகும்.

நோயில்லாதவர் நோயாளிக்குச் சொல்லும் ஆறுதலின் குறைவை நன்றாக அறிந்திருந்த ஒருவர் எங்கள் மாவட்டத்திலேயே வாழ்ந்தார். வடஅயர்லாந்தில் 1867-இல் பிறந்து, 1895-இல் இந்தியாவுக்கு வந்து, 1901 முதல் டோனாவூரைத் தம் வீடாக்கிக்கொண்ட ஏமி கார்மைக்கேல் அம்மையாரையே சொல்கிறேன். கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படும் ஆபத்திலிருந்த பெண்பிள்ளைகளுக்குத் தாயாக இருந்து அவர் நடத்திய ஊழியம் எல்லாருக்கும் தெரிந்தது. அவருடைய கடைசி இருபது ஆண்டுகளைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடப் போன இடத்தில் குழிக்குள் விழுந்து கால் முறிந்தது. அதற்குப் பின் 1951 ஜனவரியில் மரிக்கும்வரை அவர் பெரும்பாலும் தம் அறையிலேயே வலியோடு இருந்தார். அவருக்காக ஜெபித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! சுகம் வரவில்லை. ஆரோக்கியமானவர்கள் நோயாளிகளுக்கென்று எழுதும் ஆறுதல் எழுத்துகள் படுக்கையில் கிடக்கும் தமக்கு உதவவில்லை என்பதைக் கண்டு, நோயாளி நோயாளிக்கு எழுதும் கடிதங்களை அவர் அந்த அறையிலிருந்து எழுதத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் படுக்கையிலிருந்தவர்கள் அவற்றை வாசித்துத் தேறினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் அந்த வளாகத்துக்கு நான் போயிருக்கிறேன். அவர் அடக்கம்பண்ணப்பட்ட இடத்தில் கல்லறைக் கல் கிடையாது. அவர் விருப்பப்படியே அப்படி விட்டிருக்கிறார்கள். பறவைகள் நீர் குடிக்கும் ஒரு கல்தொட்டியும் அதில் "அம்மா" என்ற பெயரும் மட்டுமே உண்டு.

எல்லாரும் தங்கள் பாரத்தை வாய்திறந்து சொல்லிவிட முடியாது என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கடன், குழந்தையின்மை, குடிக்கும் கணவன், மனநோய், பிள்ளையின் காதல், இவற்றைப் பற்றிக் கேட்டாலே சிலர் ஒடுங்கிப்போவார்கள். சீலோவில் பிள்ளையில்லாத அன்னாள் உதடுகள் மாத்திரம் அசைய ஜெபித்தபோது, ஆசாரியனாகிய ஏலி அவள் குடித்து வெறித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். அவள் தன் மனக்கிலேசத்தைச் சொன்னபின்பு, அவள் கேட்டது என்னவென்று துருவாமலேயே, நீ கேட்ட விண்ணப்பத்தின்படி இஸ்ரவேலின் தேவன் உனக்குக் கட்டளையிடுவாராக என்று வாழ்த்தி அனுப்புகிறார். அவள் போய்ச் சாப்பிட்டாள். அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை என்று 1 சாமுவேல் முதலாம் அதிகாரம் சொல்கிறது. அவள் கேட்ட பிள்ளையாகிய சாமுவேல் அப்போது பிறக்கவில்லை. ஒரு பதிலும் வந்திருக்கவில்லை. ஆகவே, சொல்ல முடியாதவரிடம் விவரம் கேட்டு வற்புறுத்தக் கூடாது. "உன் மனதில் இருப்பது ஆண்டவருக்குத் தெரியும், உனக்கு இன்றைக்குச் சாப்பிடவும் தூங்கவும் பெலன் கேட்கிறேன்" என்றால் போதும். அதுவும் எதற்காக ஜெபிக்கிறோம் என்று சொல்வதுதான்.

ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஒருவருடைய வீட்டு விஷயம் வாட்ஸ்அப் குழுக்களில் ஊர்சுற்றுவது இதற்கு நேர் எதிரானது. சொன்னவரின் அனுமதி இல்லாமல் ஒரு வரியையும் அடுத்தவருக்கு அனுப்பாதிருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

ஜெபத்துக்குக் கையும் காலும் வேண்டும் என்பதையும் நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். என் பாட்டி உலை வைக்கும்போது அரிசியை அளந்து எடுத்துவிட்டு, அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து ஒரு தனிப் பானையில் போடுவார். பிடியரிசி என்று அதற்குப் பெயர். வாரக் கடைசியில் அது சபைக்குப் போகும். கஞ்சிக்கே கஷ்டப்பட்ட நாள்களிலும் அந்தப் பிடி நிற்காது. 1903-இல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையைக்கொண்டே இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பினார்கள் என்றால், அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட அடுப்படி ஜெபங்கள் இருந்தன. பாட்டி பிடியரிசியைப் போடும்போது யாராவது ஒருவருடைய பெயரைச் சொல்லுவார். யாக்கோபு தம் நிருபத்தில், உடையும் ஆகாரமும் இல்லாத சகோதரனிடம் "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவதால் பிரயோஜனமென்ன என்று கேட்கிறார். பாட்டிக்கு அந்தக் கேள்வியை யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

சவுல் ராஜாவுக்குத் தப்பித் தாவீது சீப் வனாந்தரத்தின் காட்டிலே ஒளிந்திருந்தபோது, சவுலின் மகனாகிய யோனத்தான் எழுந்து, அவனிடத்தில் போய், தேவனுக்குள் அவன் கையைத் திடப்படுத்தினான். அரண்மனையிலிருந்துகொண்டே அவனுக்காக ஜெபித்திருக்கலாம். ஆனால் தகப்பனுடைய கோபத்துக்குப் பயப்படாமல் புறப்பட்டுப் போனான். நீர் ராஜாவாயிருப்பீர், நான் உமக்கு இரண்டாவதாயிருப்பேன் என்றும் சொன்னான். அந்த இரண்டாவது பாதி நிறைவேறவில்லை. யோனத்தான் கில்போவா மலையில் விழுந்துபோனான். என்றாலும் காட்டில் அன்றைக்குத் தாவீது பெற்ற திடன் வீணாகிவிடவில்லை. நாம் சொல்லும் ஆறுதல் வார்த்தையில் எல்லாமே நாம் எண்ணியபடி நடக்கும் என்பதில்லை. தேடிப் போனவருடைய அன்பு பொய்யாவதும் இல்லை.

எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தங்கைக்கு அடுத்த வாரம் அறுவைச்சிகிச்சை. இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன். அவளுக்கு எதை நினைத்துப் பயம் என்று கேட்டேன். மயக்க மருந்தோ கத்தியோ அல்ல. பத்தாம் வகுப்பில் படிக்கும் மகனை அதிகாலையில் எழுப்பிப் படிக்கவைக்க ஆளில்லையே என்பதுதான் அவளை இரவில் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. அவனுடைய அப்பா இரவுப் பணியில் இருப்பவர். நான் அவளிடம் இப்படிச் சொன்னேன்: "தங்கச்சி, ஆபரேஷன் நல்லபடியா முடியணும்னு எல்லாரும் ஜெபம் பண்ணுவாங்க, நானும் பண்ணுவேன். ஆனா தினமும் காலையில அஞ்சு மணிக்கு நான் கேக்கப்போறது, உன் பையன் உன்னை நெனச்சுக் கலங்காம உக்காந்து படிக்கணும், நீ அங்க அதை நம்பித் தூங்கணும்கிறதுதான். அவன எழுப்பி டீ போட்டுக் கொடுக்கிறது என் பொறுப்பு." அவள் மறுநாளே வீட்டுச் சாவியின் மறுபிரதியைக் கொண்டுவந்து கொடுத்தாள். இஞ்சி தட்டிப் போட்டால் அவன் குடிக்க மாட்டான், சர்க்கரை ஒரு கரண்டி கூடுதலாக வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கிறாள்.